கணினிக் கல்வியும் முகாமைத்துவமும்

தகவல் தொழினுட்பம் பயிலும் மாணாக்கருக்கு முகாமைத்துவக் கோட்பாடுகளையும் ஒரு பாடமாகக் கற்பிப்பது நம் நாட்டு உயர்கல்வி நிலையங்களில் இன்று வழக்கமாகிவிட்டது. அப்பாடங் கற்பிக்கப்படுகின்றதென்பதில் ஐயமில்லை. கற்கப்படுகின்றதா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள். அதில் நல்ல புள்ளி பெற்ற மாணாக்கரையே அழைத்து வினவினால், பரீட்சைக்கு முதல்நாள் இரவு மனனஞ் செய்ததாகவும், மறுநாள் எழுதியதாகவும், அன்று மாலையே மறந்ததாகவும் மறையாது கூறுவர். செய்நிரல் எழுதுவதே தமது தொழில், இஃது இடையே புகுந்த தொல்லை என்பது அவர்தம் எண்ணம். அவர்களை நாம் குறை கூறோம். சவர்க்காரத் தொழிற்சாலையையும் சப்பாத்துக் கம்பனியையும் உதாரணமாகக் காட்டி, வரைவிலக்கணங்களை எழுதுவித்து, இலக்கமிட்ட பட்டியல்களை ஒப்புவிக்கச் செய்யும் ஒரு பாடத்தை இருபது வயது இளைஞர் வேறெவ்வாறு மதிப்பர்? இப்பாடம் வேண்டுமென்பதே எமது துணிபு. இப்பொழுது கற்பிக்கப்படும் முறையில் வேண்டா என்பதும் அத்துணிபின் மறுபாதி.

முகாமைத்துவம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் பலரது மனக்கண்ணில் தோன்றுவன குளிரூட்டிய அறையும், அகன்ற மேசையும், கழுத்துப்பட்டி அணிந்த ஒரு கனவானுமே. நம் பெரியார் இதனை நிருவாகம் என்றனர். ஊரிலே காரியம் பார்த்தல் என்பர். பெயர் யாதாயினும் பொருள் ஒன்றே. ஒருவராற் செய்தற்கரிய கருமத்தைப் பலர் கூடிச் செய்யுமிடத்து, எதை முன் செய்வது, யார் செய்வது, எப்போது முடிப்பது, முடிந்ததென்பதை யார் பார்த்து உறுதி கூறுவது என்று தீர்மானித்தலே அது. இவ்வளவில் நோக்கின், மென்பொருள் ஆக்குந் தொழிலைப் போல அதனை வேண்டி நிற்குந் தொழில் பிறிதொன்று காண்டல் அரிது. வீடு கட்டும்போது சுவர் எவ்வளவு எழுந்துள்ளதென்பதைத் தெருவிற் போவோரும் அறிவர். மென்பொருளோ கண்ணுக்குத் தோன்றாதது. முக்காற் பங்கு முடிந்துவிட்டதென்று செய்வோன் கூறினால் நம்புவதையன்றி வேறு வழியில்லை. அவன் பொய்யுரைக்கின்றானென்று நாம் சொல்லவில்லை. முடிந்தது முக்காலா காலா என்பது பெரும்பாலும் அவனுக்கே தெரியாது.

இப்பாடத்தின் மூலவருள் ஒருவராகிய ஹென்றி பயோல் என்னும் பிரான்சு தேசத்தவரின் பெயரை மாணாக்கர் அறிவர். அவர் வகுத்த பதினான்கு கோட்பாடுகளையும் வரிசை பிறழாது சொல்வர். அவர் யாவர் என்பதை மட்டும் எவரும் அவர்களுக்கு எடுத்துரைப்பதில்லை. பயோல் வணிகக் கல்லூரியிலிருந்து வந்தவரல்லர். 1860 இல், தமது பத்தொன்பதாவது வயதிலே, சுரங்கப் பொறியியற் கல்வியை முடித்துக்கொண்டு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றிற் பொறியியலாளராய்ச் சேர்ந்தவர். நிலத்தடியில் மூளுந் தீயை அடக்குதற்கு வழி தேடுவது அவர் இளமையிற் செய்த பணிகளுள் ஒன்று. 1888 இல் அக்கம்பனி முறிந்துவிடும் நிலையை எய்தியபோது அதன் தலைமைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. கம்பனி நிமிர்ந்தது. அவரும் 1918 வரை அப்பதவியில் இருந்தார். 1916 இல் வெளியான அவரது ஆராய்ச்சியிலே, பதவி உயர உயரத் தொழினுட்ப அறிவினும் நிருவாக ஆற்றலே மிகுதியும் வேண்டப்படுகின்றது என்றும், அவ்வாறிருக்கப் பொறியியற் கல்லூரிகள் கணிதத்தை அளவிறந்து புகட்டி நிருவாகத்தை அறவே கைவிட்டன என்றும் அவர் முறையிட்டார்.

எனவே, தொழினுட்ப மாணாக்கருக்கு முகாமைத்துவங் கற்பிக்க வேண்டுமென்னுங் கோரிக்கை வணிகபீடத்தார் இடம் பிடிப்பதற்காக நேற்றுக் கிளப்பியதன்று. தொழினுட்பவியலாளர் ஒருவரே தம் அநுபவத்தின் முடிவில் தம் கல்லூரிகளை நோக்கி விடுத்த கோரிக்கை அது. பதினான்கு என்னும் எண்ணுக்கும் அவர் எவ்விதப் புனிதமுங் கற்பிக்கவில்லை. கோட்பாடுகள் வளைந்து கொடுக்க வேண்டியவை, அவற்றின் தொகைக்கு வரையறையில்லை என்று அவரே எழுதிவைத்தார். நம் பரீட்சகரோ பதின்மூன்று எழுதியவனுக்கு ஒரு புள்ளியைக் குறைக்கின்றனர்.

அப்பதினான்கனுள் ஒன்று, ஒருவனுக்குக் கட்டளையிடுவோர் ஒருவரே ஆதல் வேண்டும் என்பது. இன்றைய மென்பொருள் நிறுவனத்திற் சேரும் இளைஞன் முதல் வாரத்திலேயே செயற்றிட்டத் தலைவர் ஒருவருக்கும், தன் பிரிவுத் தலைவர் வேறொருவருக்கும், கடல் கடந்திருக்கும் வாடிக்கையாளருக்கும் மறுமொழி கூற வேண்டியவனாகின்றான். கோட்பாடு பிழைத்ததா, நிறுவனம் பிழைத்ததா, அன்றி இரண்டனையும் இணைப்பதோர் ஒழுங்கு உண்டா என்று வகுப்பிலே வாதஞ் செய்வித்தால் ஒரு மணி நேரங் கழிவது தெரியாது. அத்தகைய வாதத்துக்கு வினாத்தாளில் இடமில்லையாதலின் வகுப்பிலும் இடமில்லாது போயிற்று.

நம் மாணாக்கர் பயோலை அறிந்த அளவுக்குப் பிரெட்றிக் புறூக்ஸ் என்பாரை அறியார். உறவு முறையில் அவர்களுக்கு அண்மியவர் இவரே. ஐ. பி. எம். நிறுவனம் 1964 ஏப்பிரலில் அறிவித்த சிஸ்ரம்/360 என்னுங் கணினித் தொகுதியை ஆக்கும் வேலையை நடத்தியவர். பின்னர் அதற்குரிய பணிசெயல் முறைமையை ஆக்கும் பெருவேலையையும் ஏற்றவர். 1963 முதல் 1966 வரை அம்முறைமைக்கு ஏறத்தாழ 5000 ஆள்-ஆண்டு உழைப்புச் செலவாயிற்று என்பது அவர் கணக்கு. வேலை பிந்தியது, செலவு மதிப்பீட்டை விஞ்சியது. அந்த அநுபவத்தை அவர் 1975 இல் நூலாக்கினார். ஆள்-மாதம் என்னுங் கட்டுக்கதை என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். பிந்திவிட்ட மென்பொருள் வேலைக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்பது அந்நூலிற் காணும் முடிபு. அவர் 2022 இல் மறைந்தார். அம்முடிபு இன்னும் நிற்கின்றது.

முதன்முறை கேட்போருக்கு இது விபரீதமாகத் தோன்றும். தேர்த்திருவிழாவன்று வடம் பிடிக்க மேலும் நூறு பேர் வந்தால் தேர் எளிதாய் நகருமன்றோ? நகரும். ஆனால், அத்தேருக்குச் சிற்பஞ் செதுக்கும் ஆசாரியார் அரைகுறையாய் நிற்கும் பலகையோடு போராடும்போது, அவர் பக்கத்திற் புதிதாய்ப் பத்துப் பேரை இருத்தினால் யாது நிகழும்? எங்கே விட்டது, எதை எப்படிச் செதுக்குவது என்று அவர்களுக்கு விளக்குவதிலேயே அவர் பொழுது கழியும். மென்பொருள் வேலை வடம் பிடித்தலைச் சேர்ந்ததன்று. உயர்தர வகுப்பிற் கணிதம் பயின்ற எவரும் இதனை அரை நிமிடத்திற் கணித்துக் காணலாம். நால்வர் கொண்ட குழுவில் இருவர் இருவராய்ப் பேசி உடன்பட வேண்டிய வழிகள் 6. எண்மராயின் அவை 28. ஆள் இருமடங்காக, பேச்சு நான்கு மடங்கையுங் கடந்துவிடுகின்றது.

அந்நூலிலுள்ள வேறொரு கணக்கு நம் மாணாக்கருக்கு இதனிலும் பயனுடையது. ஒரு மென்பொருள் வேலைக்குரிய காலத்தில் மூன்றிலொரு பங்கைத் திட்டமிடுதற்கும், ஆறிலொரு பங்கைச் செய்நிரல் எழுதுதற்கும், காற்பங்கைப் பகுதிகளைச் சோதித்தற்கும், எஞ்சிய காற்பங்கை முழுவதையும் இணைத்துச் சோதித்தற்கும் ஒதுக்கவேண்டும் என்கின்றார் புறூக்ஸ். பன்னிரண்டு வாரத்துக்குரிய மாணவர் செயற்றிட்டம் ஒன்றை இக்கணக்குக்கு உட்படுத்திப் பார்ப்போம். திட்டமிட 4 வாரம், எழுத 2 வாரம், சோதிக்க 3 வாரமும் 3 வாரமும். நம் மாணாக்கர் செய்வது யாது? முதலிரு வாரம் தலைப்புத் தேடுவர். ஒன்பது வாரம் எழுதுவர். அவ்வொன்பதிலும் உண்மையில் எழுதுவது இருவரே, ஏனையோர் எழுதுவோரைப் பார்த்துக்கொண்டிருப்பர். கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் ஒட்டுவர், ஒட்டாது. பரீட்சகர் வருவதற்கு முதல்நாள் விடியும்வரை விழித்திருந்து, பிழைபடும் பகுதியை அழுத்திக் காட்டாமல் விளக்கும் சாமர்த்தியத்தை மட்டும் பயின்று தேறுவர். பின்னர் வேலைக்குச் சென்றதும் அதே பழக்கத்தை, கூலி கொடுப்போரின் பணத்திலே தொடர்வர்.

முகாமைத்துவம் இல்லாக் கணினி வேலை எத்துணைக் கேடு விளைக்குமென்பதற்கு உலகத்திற் சான்றுகள் மலிந்துள்ளன. அமெரிக்காவில் நைற் கப்பிற்றல் என்னும் பங்குத் தரகு நிறுவனத்துக்கு 2012 ஆகத்து 1 ஆம் நாள் நேர்ந்ததை மட்டும் சிறிது விரித்துக் கூறுவோம். புதிய செய்நிரல் ஒன்றை அவர்கள் எட்டுச் சேவையகங்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றினர், ஒன்று விடுபட்டது. அவ்வொன்றிலே, 2003 இலேயே வழக்கொழிந்தும் அழிக்கப்படாது கிடந்த பழைய செய்நிரற் பகுதியொன்று இருந்தது. சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு, கட்டளை மேற் கட்டளையாகப் பங்குகளை வாங்கவும் விற்கவுந் தொடங்கியது. முக்கால் மணி நேரத்தில் 460 மில்லியன் டொலருக்கு மேல் நட்டம். அடுத்த ஆண்டில் அந்நிறுவனம் தனித்து நிற்கவியலாது பிறிதொன்றுடன் இணைந்தது.

இதனை ஆராய்ந்த அமெரிக்க அரசின் பங்குச்சந்தை ஆணைக்குழு 2013 இல் வெளியிட்ட கட்டளையைப் படிப்போர் வியப்பது ஒன்றுண்டு. அதிலே கடினமான கணினி விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் சரிபார்க்கவில்லை. அவ்வாறு சரிபார்க்க வேண்டுமென்று எழுதிவைத்த நடைமுறையும் இருக்கவில்லை. சந்தை திறப்பதற்கு முன்னரே பிழையைச் சுட்டும் மின்னஞ்சல்கள் 97 தாமாகவே அலுவலர் சிலருக்குச் சென்றன. அவற்றைப் பார்ப்பது தன் கடனென்று கருதியவர் ஒருவருமில்லை. இவை மூன்றும் நம் மாணாக்கர் மனனஞ் செய்து மறந்த அப்பாடத்தில் அடங்கியவை. பொறுப்பை வகுத்தலும் கட்டுப்படுத்தலும் என்று தலைப்பிட்டுப் பத்துப் புள்ளிக்கு எழுதினார்களே, அவைதாம்.

பணம் போனால் ஈட்டலாம். பிரித்தானியத் தபாற்கந்தோரின் ஹொறைசன் என்னுங் கணினி முறைமையால் நேர்ந்த அநீதியோ மனிதரின் வாழ்வையே சிதைத்தது. 1999 முதல் அங்குள்ள உப தபாலதிபர்களின் கணக்குகள் அம்முறைமைக்கு மாற்றப்பட்டன. அது காட்டிய கணக்கிற் பணம் குறைந்தது. குறைந்ததற்குக் காரணம் முறைமையிலுள்ள பிழையாக இருக்கலாமென்று எண்ணாது, களவென்றும் பொய்க்கணக்கென்றும் வழக்குத் தொடுத்தனர். 2015 வரையில் 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர், பலர் வீடிழந்தனர். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தபோது, இவ்வாறு முறையிடுவது நீர் ஒருவரே என்று தமக்குக் கூறப்பட்டதாகப் பலர் பின்னர் சாட்சியங் கூறினர். முறைமையைப் பராமரித்த புஜிற்சு நிறுவனத்திடமோ அறியப்பட்ட பிழைகளின் பதிவேடே இருந்தது. 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019 இல் நீதிமன்றம் உண்மையைக் கண்டது. 2024 இல் பாராளுமன்றம் சட்டமியற்றியே அத்தண்டனைகளை நீக்கவேண்டியதாயிற்று.

அப்பதிவேட்டிற் பிழையைக் குறித்தவர்கள் திறமை வாய்ந்த தொழினுட்பவியலாளராகவே இருந்திருப்பர். கீழே ஒருவர் கண்ட குறை மேலே எவரிடம், எவ்வழியாற் செல்லவேண்டும், சென்றபின் யார் முடிவெடுக்க வேண்டும் என்பது ஒழுங்கு செய்யப்படாவிடின் அத்திறமையால் ஆவது யாது? முகாமைத்துவப் பாடம் இலாபம் ஈட்டுவோருக்குரியதென்று கருதி ஒதுக்கும் மாணவன் இவ்வழக்கின் வரலாற்றை ஒருமுறை படிப்பானாக.

இளமையில் தொழிலைக் கற்கட்டும், முகாமைத்துவம் தலை நரைத்தபின் தானே வரும் என்று சொல்வாருமுளர். இக்கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. மனிதரை நடத்தும் பக்குவம் நூலினால் வருவதன்று. ஆயினும், தலை நரைக்கும்வரை காத்திருக்கும் தொழிலன்று இது. இருபத்தைந்து வயதினர் ஐந்தாறு பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை தாங்குவது இத்துறையில் வியப்புக்குரிய செய்தியன்று. நேற்றுவரை பக்கத்து மேசையிலிருந்த நண்பனின் வேலையை இன்று குறைகூற வேண்டிய இக்கட்டு அவர்களுக்கு நேர்கின்றது. திறமையான செய்நிரலாளன் என்பதற்காகப் பதவி உயர்த்தப்பட்டவன், எல்லா வேலையையுந் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு இரவு பகலாய் உழைத்து, குழுவையுங் கெடுத்துத் தன்னையும் கெடுத்துக்கொள்வதை அத்துறையிலுள்ள நம் பழைய மாணவர் பலர் கண்டிருப்பர்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி எதற்கு இந்த ஆராய்ச்சியென்று கேட்பாருக்கும் மறுமொழி கூறவேண்டும். 2022 இன் இறுதியிலிருந்து பொதுமக்கள் கைக்கு வந்துள்ள கருவிகள் கேட்ட மாத்திரத்திற் செய்நிரலை எழுதித் தருகின்றன. நன்று. புறூக்சின் கணக்கில் அவை பெரிதுஞ் சுருக்குவது அந்த ஆறிலொரு பங்கை. எதைச் செய்வது என்று தெளிதலும், செய்தது சரியா என்று சோதித்தலும், பிழைத்தால் யார் பொறுப்பு என்று வகுத்தலும் இன்னும் மனிதர் தலையிலேயே உள்ளன. எழுதுவது எளிதாக ஆக, எழுதப்பட்டதைப் படித்து உறுதி கூறுவோரின் சுமை ஏறுகின்றது. செய்நிரல் எழுதுவது ஒன்றையே தொழிலெனக் கற்று வெளிவரும் மாணாக்கர்தாம் இக்கருவிகளைக் கண்டு முதலில் அஞ்ச வேண்டியவர்கள்.

இனி, எவ்வாறு கற்பிப்பது? முதலாண்டிலே, ஒருவரோடொருவர் கூடி எந்த வேலையுஞ் செய்தறியாத மாணாக்கருக்கு இப்பாடத்தைத் தனியே போதிப்பது, கடற்கரையிலிருந்து நீச்சல் கற்பிப்பதை ஒக்கும். குழுச் செயற்றிட்டம் எந்த ஆண்டில் வருகின்றதோ அந்த ஆண்டிலே, அச்செயற்றிட்டத்தோடு பிணைத்து இதனைக் கற்பிக்க வேண்டும். கணினி விரிவுரையாளரும் முகாமைத்துவ விரிவுரையாளரும் ஒரே வகுப்பில் ஒருங்கிருந்து ஒரே வேலைக்குப் புள்ளியிட வேண்டும். இது எளிதன்று என்பதை நாம் அறிவோம். முன்னவர் பின்னவரின் பாடத்தை வெறும் பேச்சு என்பர். பின்னவர் முன்னவரின் தொழிலை அறியவும் முயலார். இரு பீடங்களுக்கும் இடையிலுள்ள முற்றத்தைக் கடப்பது சில வேளைகளிற் பாக்குநீரிணையைக் கடப்பதிலும் அரிது.

புள்ளியிடும் முறையும் மாறவேண்டும். ஒவ்வொரு மாணவனும் ஒவ்வொரு பணியையுந் தொடங்குமுன், இது எனக்கு இத்தனை மணி நேரம் எடுக்கும் என்று எழுதி வைக்கட்டும். முடிந்தபின் எடுத்த நேரத்தை அதன் பக்கத்தில் எழுதட்டும். ஐந்து மணி என்றது பதினைந்தானால் அதற்காகப் புள்ளியைக் குறைத்தல் ஆகாது. குறைத்தால் இரண்டாவது எண்ணைத் திருத்தி எழுதப் பழகுவான். ஏன் மும்மடங்காயிற்று என்று அவன் கூறும் விளக்கத்துக்கே புள்ளி. பன்னிரண்டு வாரம் இப்படி எழுதினால் தன் மதிப்பீடு எத்துணை பிழைக்கும் என்பதை ஒருவன் அறிந்துகொள்வான். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இரண்டு மாதம் என்று வாக்களித்து ஐந்து மாதம் உழைத்து நொடிந்துபோகும் சிறு நிறுவனங்களுக்கு வேண்டியிருந்த அறிவு இதுவே. நம் பிரதேசத்திலிருந்து இளைஞர் தாமே நிறுவனந் தொடங்கி முன்வரும் இந்நாளில், பிறர் வகுத்துக் கொடுக்கும் வேலையைச் செய்து கொடுப்போராகவே அவர்கள் நின்றுவிடுதலும், தாமே வேலையை வகுத்து நடத்துதலும் பெரிதும் இதிலேதான் தங்கியிருக்கின்றன.

உதாரணங்களுக்கு அமெரிக்கா செல்ல வேண்டுமென்பதுமில்லை. 2022 மார்ச்சு இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நிலவியது. வீட்டிலிருந்து கணினி வேலை செய்தோர், யார் எப்பகுதியில் இருக்கின்றார், எவருக்கு எப்போது மின்சாரம் வரும் என்று அட்டவணையிட்டு, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர ஒழுங்கு செய்தே தவணை தப்பாமல் வேலை முடித்தனர். அவ்வட்டவணை ஒன்றை வகுப்பிலே கரும்பலகையில் எழுதினால் இடர் முகாமை என்னும் அதிகாரம் முழுவதும் விளங்கிவிடும். நல்லூர் மகோற்சவம் 25 நாள். அதிலே தேர் 24 ஆம் நாள். அந்நாளை எவராலும் ஒத்திவைக்க முடியாது. நாள் அசையாதபோது வேலையின் அளவைத்தான் அசைக்க வேண்டும் என்பது திருவிழா நடத்தும் உபயகாரர் எவருக்குந் தெரியும். மென்பொருள் கற்போர் இதனை ஆங்கில நூலிற் படித்துப் புதிதெனக் கருதுகின்றனர்.

இங்கு ஒரு வார்த்தை. இத்தகைய கட்டுரைகளில், எல்லாவற்றையும் வள்ளுவர் அன்றே கூறிவிட்டார் என்று முடித்து மகிழ்வது நம்மவர் வழக்கம். தெரிந்துசெயல்வகை தொடங்கித் தெரிந்துவினையாடல் ஈறாக, திருக்குறளின் 47 ஆம் அதிகாரம் முதல் 52 ஆம் அதிகாரம் வரை ஓர் ஒழுங்கில் அமைந்திருத்தல் உண்மையே. செயலை ஆராய்தல், வலியும் காலமும் இடமும் அறிதல், ஆளைத் தெளிதல், பின் வேலையை ஒப்புவித்தல் என்னும் அவ்வரிசை எந்த முகாமைத்துவ நூலுக்கும் நாணுவதன்று. ஆயின், குறளை மேற்கோளாகக் காட்டிய குழு தவணைக்கு வேலையை முடித்துவிடுமென்று எவரும் எண்ணற்க. பயோலை மனனஞ் செய்வதற்கும் வள்ளுவரை மனனஞ் செய்வதற்கும் இவ்வகையில் வேற்றுமையில்லை.

பல்கலைக்கழகங்களின் பாடவிதானத்தை நாம் நினைத்தவுடன் மாற்ற முடியாது. நம் கல்லூரியில் என்ன செய்யலாமென்பதை நாமே தீர்மானிக்கலாம். உயர்தர வகுப்பிலே கணிதமும் விஞ்ஞானமும் பயில்வோர் வணிகக் கல்வியைத் திரும்பியும் பாரார். வர்த்தகப் பிரிவினர் கணினிக் கூடத்தை எட்டியும் பாரார். 2013 இல் தொழினுட்பப் பிரிவு புதிதாகத் தொடங்கப்பட்டபோதும் இவ்வேலிகள் அகலவில்லை. ஆனால், விளையாட்டுப் போட்டிக்கும் வாணி விழாவுக்கும் இவர்கள் எல்லாரும் ஒன்றுசேர்கின்றனர். நிகழ்ச்சி நிரல் வகுக்கின்றனர், பணந் திரட்டுகின்றனர், கணக்குக் காட்டுகின்றனர், கூட்டக் குறிப்பு எழுதுகின்றனர். கணினிக் கழகமும் அவ்வாறு இரு பிரிவினரையுஞ் சேர்த்து இயங்குமாயின், முகாமைத்துவம் என்னும் பெயரைச் சொல்லாமலே அதன் பெரும்பகுதியை அவர்கள் கற்றுவிடுவர்.

இவ்விடத்திற் பழைய மாணவருக்கும் ஒன்று கூறவேண்டியுள்ளது. பாடசாலைகளுக்குக் கணினி வாங்கிக் கொடுப்பதில் அவர்கள் காட்டும் ஆர்வம் போற்றத்தக்கது. நாமறிந்த பாடசாலை ஒன்றிற்கு வெளிநாட்டிலிருந்து இருபது கணினிகள் வந்தன. திறப்பு விழா நடந்தது, நாடா வெட்டினர், படமும் பிடித்தனர். அறையின் திறப்பு ஓராசிரியரிடம் இருந்தது. அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். கணினிகள் எவை, கடவுச்சொற்கள் யாவை, பழுது பார்க்கும் செலவு எந்தக் கணக்கில் என்பதை அவரும் எழுதிவைக்கவில்லை, எழுதிவைக்கும்படி எவருங் கேட்கவுமில்லை. இரண்டாண்டு கழித்து அவ்வறையைத் திறந்தபோது மின்கலங்கள் வீங்கியிருந்தன. கறையான் மேசையை அரித்திருந்தது. கொடுத்தோர் பணத்துக்குக் குறைவு வைக்கவில்லை. அப்பணத்தோடு சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டியது, நூறு ரூபாவுக்குச் சற்று மேற்பட்ட விலையில் ஓர் அப்பியாசப் புத்தகமும், அதில் வாரந்தோறும் யார் எதை எழுதுவது என்ற உடன்பாடுமே.

ஆதலின், இந்த யூபிலி ஆண்டிற் பழைய மாணவர் சங்கத்தார் மேலுங் கணினிகளை வழங்குவதற்கு முன்னர், கணினித் துறையிலே பணிபுரியும் உறுப்பினர் சிலரைத் தவணைக்கு ஒரு முறை கல்லூரிக்கு வரச்செய்ய வேண்டுமென்று விரும்புகின்றோம். வருவோர் தாம் உயர்ந்த கதையைச் சொல்லவேண்டா. அது பரிசளிப்பு விழாவுக்கு உரியது. தாம் ஈடுபட்ட வேலைகளுள் எது பிந்தியது, ஏன் பிந்தியது, யார் எதைச் சொல்லாமல் விட்டனர் என்பதைச் சொல்லட்டும். கடல் கடந்திருப்போர் திரையினூடாகவும் சொல்லலாம்.

கணினிக் கழக மாணவருக்கு உண்மையான வேலையொன்றையுங் கொடுக்க வேண்டும். போட்டிக்காகச் செய்து பரிசு பெற்றபின் மறக்கும் வேலை வேண்டா. ஒருவர் நம்பியிருக்கும் வேலையாக, பிழைத்தால் ஒருவர் வந்து கேட்கும் வேலையாக அஃது இருக்கவேண்டும். பன்னிரண்டாம் வகுப்பினர் செய்ததைப் பதின்மூன்றாம் வகுப்புக்குச் செல்லுமுன் அடுத்தவருக்கு எழுத்திலே ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்புக் குறிப்பைப் படித்து, இது விளங்குகின்றது என்று பொறுப்பேற்போர் கையொப்பமிட வேண்டும். செய்தவன் பல்கலைக்கழகம் சென்றதும் செய்தது செத்துப்போகும் நிலை அப்போதுதான் நீங்கும்.

அதற்கேற்ற வேலையைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு மூன்று கொப்பிகளிலும், காரியதரிசிமார் சிலரது சொந்தக் கணினிகளிலும் சிதறிக் கிடக்கின்றது. ஒருவரே இரு பெயரிற் காணப்படுகின்றார். காலஞ்சென்றோர் சிலருக்கு இன்னும் சந்தா அறிவித்தல் செல்கின்றது. இப்பதிவேட்டை ஒழுங்கு செய்யும் பணியைக் கணினிக் கழகத்திடம் ஒப்படைக்கலாம். இம்மலரை அஞ்சலில் அனுப்பியபின் எத்தனை பிரதிகள் முகவரி பிழைத்துத் திரும்பி வருகின்றன என்று எண்ணி வைத்தால், அவர்கள் வேலையை எங்கிருந்து தொடங்குவதென்பது தெரிந்துவிடும்.